நான் அடித்துவிட்ட பெயர்கள்

ஒரு பெண்ணை அவளுடைய ஊரிலேயே பொய்க்காரி ஆக்கியவன் நான்.

உச்சுக்கொட்டாதீர்கள்! என் பயிலரங்கில் கைதட்டியவர்கள்தானே நீங்கள்? பழங்குடிப் பெண்களின் சொல்முறையை எழுத்து வகுப்பில் மதிக்க வேண்டும் என்று நான் முழங்கினேன். சாப்பிட்டுவிட்டுப் பாயசம் பிரமாதம் என்றீர்கள். அன்றைக்குப் பாயசம் மட்டும்தான் உண்மை.

கோவைக் கல்லூரி ஒன்றில் கட்டுரை எழுதக் கற்றுத்தருவது என் பிழைப்பு. வகுப்பைச் சிரிக்கவைப்பது உபதொழில். சத்தியமங்கலத்து மலையிலிருந்து படிக்க வந்த ரங்கி ஒரு கட்டுரை தந்தாள். ராகிப் பயிரை அழிக்க வந்த வனத்துறை ஆட்களை அவள் ஊர்ப் பெண்கள் வழிமறித்து உட்கார்ந்த கதை. ஒவ்வொரு பத்தியும் அதைச் சொன்னவளின் பெயரோடு தொடங்கியது. இன்ன அத்தை சொன்னாள், இன்ன பெரியம்மா பார்த்தாள்…

உரக்கப் படித்துக்காட்டினேன். “ஏனுங்க அம்மணி, இது கட்டுரைங்களா, ரேஷன் கார்டுங்களா? ஊட்டு ஆளுக பேரு பூராம் இருக்குது!”

வகுப்பே குலுங்கியது. ஆஹா, என்ன மேதை நான்!

ரங்கி சிரிக்கவில்லை. “அவங்க பேச்சுங்க சார். பேரைச் சொல்லாம எடுத்தா எங்கூர்ல தப்புங்க.”

“அடிச்சுப்போடு கண்ணு. ‘நான்’னு எழுது. அப்பத்தான் கட்டுரை நிக்கும்.”

தயங்கினாள். மதிப்பெண் என் கையில் அல்லவா? நானே அடித்தேன். ‘அவர்கள் உட்கார்ந்தார்கள்’ என்பது ‘நான் உட்கார்ந்தேன்’ ஆயிற்று. கல்லூரி ஆண்டு மலரில் அவள் படத்தோடு வெளிவந்தது. மலரை ஊருக்கு எடுத்துப்போனாள்.

விடுமுறை முடிந்து வந்தவள் என் அறை வாசலிலேயே நின்றாள்.

“அத்தை கேக்கறாங்க சார், நீ பொறக்கறதுக்கு முந்தி நடந்ததுல நீ எங்க புள்ள உக்காந்தேன்னு. இப்ப நான் போனாவே பேச்சை நிறுத்திப்போடறாங்க. நீங்கதான் மாத்துனதுன்னு ஒருக்கா வந்து சொல்லுங்க சார்.”

“வாரேன், வாரேன்” என்றேன்.

காலையில் பேருந்து ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம். ஏன் போகவில்லை? யானைக்குப் பயந்தா? இல்லை… என் நகைச்சுவை எடுபடாத இடத்தில் எதைப் பேசுவது என்ற பயம்! ரங்கி மறுபடி கேட்கவில்லை.

இப்போது பயிலரங்குதோறும் அந்தக் கட்டுரையைத்தான் வியந்து பேசுகிறேன். ‘என் மாணவி ஒருத்தி’ என்பேன். ஆம், அவள் பெயரையும் அடித்துவிட்டேன்!

அந்த அத்தைமாரின் பெயர்களையாவது இங்கே எழுதலாம் என்று உட்கார்ந்தேன்… ஒன்றுகூட நினைவில் இல்லை. ரேஷன் கார்டு நகைச்சுவை மட்டும் சொல் பிசகாமல் வருகிறது.