பாவுக்குள் தொலைந்த துடிப்பு

கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு ஒரு இதயம் வேண்டும் என்றாள் மகள். வீட்டில் சும்மா கிடந்தது என்னுடையதுதான். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, இடுப்பில் சின்ன ரெக்கார்டரை மாட்டிவிட்டாள். ஒரு நாள் முழுக்க அதோடுதான் என் தறிக்கூடத்தில் நின்றேன். தறி ஓட்டுகிறவர்கள், "அண்ணாச்சி பாம் வச்சிருக்காரு, தள்ளி நில்லுங்கல" என்றார்கள்.

அந்தத் துடிப்பையெல்லாம் தன் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். கேம் விளையாடும் பையன்கள் வாங்குகிற கிராபிக்ஸ் கார்டு அதில் இருந்தது. சாதாரண கம்ப்யூட்டர் துடிப்புகளை வரிசையாகப் பார்க்குமாம். இது எல்லாவற்றையும் துண்டு துண்டாக வெட்டி, அத்தனை துண்டையும் ஒரே நேரத்தில் பார்க்குமாம். தலையாட்டினேன். கல்யாணம் ஆனவனுக்கு அது தானாக வரும்.

காபி ஆறுவதற்குள் முடிவு வந்துவிட்டது. மகளின் முகம்தான் சரியில்லை.

"யப்பா, அங்கங்க துடிப்பைக் காணோம்."

"ஏட்டி, நான் எங்கயும் வச்சிட்டு வரலயே!"

"இருங்கப்பா, வார்ப்ல எந்த த்ரெட்டு விட்டுச்சுன்னு பாக்கேன்."

வார்ப் என்றால் எங்களுக்குப் பாவு, தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல் வரிசை. த்ரெட் என்றால் நூல். பாவில் நூல் அறுந்தால் தறியை நிறுத்தித்தான் முடிச்சுப் போடுவோம். என்னை நிறுத்தினால்? உட்கார்ந்துவிட்டேன்.

"நிப்பாட்டாம முடிச்சுப் போட முடியாதாட்டி?"

"ஐயோ, அது கார்டுக்குள்ள துண்டு துண்டாப் பாக்குத வேலைக்காரனுக்குப் பேருப்பா."

"அப்ப கெட்டது கார்டா, ஒங்க அப்பனா?"

"அதான் எனக்கும் தெரியல."

படித்தவளே அப்படிச் சொன்னதும் எனக்கு வேர்த்துவிட்டது. மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் வெளையாடுதியளா? மனுசன் மொகம் வெளுத்துப் போச்சு."

சாயங்காலம்தான் மகள் சிரித்தாள். "வெட்டுன எடத்துல பாதித் துடிப்பு இவன்ட்ட, பாதி அவன்ட்ட. ரெண்டு பேரும் என்னுது இல்லன்னுட்டானுவ."

ஆபீஸில் அடுத்த சீட்டுக்குத் தள்ளிவிடுவதை என் நெஞ்சுக்குள்ளும் ஆரம்பித்துவிட்டார்கள்! துண்டுகளின் ஓரத்தைக் கொஞ்சம் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, மறுபடி ஓட்டினாள். தொலைந்ததெல்லாம் வந்தது, ஒன்றைத் தவிர.

"இது ஓரமே இல்லப்பா, நட்ட நடுவுல. தறிக்கூடத்துல அப்ப என்ன செஞ்சிய?"

அவள் சொன்ன நேரத்தை யோசித்துப் பார்த்தேன். கரண்டு போய், எல்லாத் தறியும் ஒரே சமயத்தில் நின்ற நேரம்.

மறுநாள் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் எப்போதாவது இப்படி ஒன்று வரும், பயப்பட வேண்டாம் என்றார். பயப்படவில்லை. ஆனால் கரண்டு போகும்போதெல்லாம் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது.

"என்ன அண்ணாச்சி, கரண்டுக்கு மரியாதையா?" என்கிறார்கள்.