தோணாக் கரை வீட்டுக்காரி

பத்துப் பேர்ச் அளவில் மேட்டுக் காணி. அதில் வீடு கட்ட அரசாங்க உதவி. இரண்டுக்குமான கடிதங்களிலும் உரிமையாளர் என்ற இடத்தில் தன் பெயர். கடலோர ஊரான சாய்ந்தமருதில் றாஹிலா வென்றவை இவை. அதற்காக ஏழு மாதத்தில் பதினொரு தடவை அரசாங்கக் கந்தோருக்குப் போய் வந்தாள்.

மழைநீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் தோணா அவள் வீட்டுச் சுவரோடு ஒட்டி ஓடும். கார்த்திகை வெள்ளத்தில் அது நான்கு நாள் வீட்டுக்குள்ளேயே ஓடியது. பின்சுவர் விழுந்தது. வீட்டை ஒப்படைத்தால் மேட்டில் வேறு காணி தருவோம் என்றார்கள் அதிகாரிகள். அந்த வீடு கலியாணத்தின்போது உம்மா அவளுக்கு எழுதிக் கொடுத்தது. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியேறுவார்.

வெள்ளத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது படிவம் நிரப்ப வந்த உத்தியோகத்தர், "குடும்பத் தலைவர் யார்?" என்று கேட்டார். மீன்பிடிக்கப் போகும் கணவன் பளீலின் பெயரைச் சொன்னாள். அவர் எழுதி முடித்து, அவள் பெருவிரலைப் பிடித்து, மையில் உருட்டித் தாளில் அமுக்கினார். பிரதி கைக்கு வர மூன்று கிழமை ஆனது. ஒரே மகள் நிஹ்லா வாசித்துக் காட்டினாள். பழைய வீட்டைக் கொடுப்பவர் றாஹிலா. புதிய காணியைப் பெறுபவர் பளீல்.

பளீல் சிரித்தார். "என்ட பேருல இருந்தா என்ன புள்ள? ஒன்னத் தெருவுலயா உடப்போறன்?"

"நீங்க உடமாட்டீங்க. நீங்க மௌத்தானா உங்கட கூடப்பொறந்த காக்காமாரு பங்குக்கு வருவாங்க. நிஹ்லாக்கு நான் எதக் குடுக்கிற? உங்கட வலயயா?"

"அதுலயும் ஓட்டதான்," என்றார். மறுநாளே, காணி தனக்கு வேண்டாமென்று கடிதம் எழுதிக் கொடுத்தார்.

கடிதம் மட்டும் போதவில்லை. பொறுப்பானவர் லீவு என்றார்கள். பிறகு ஃபைல் அம்பாறை மாவட்டக் கந்தோருக்குப் போய்விட்டது. ஃபைல் வந்தபோது பொறுப்பானவர் மாற்றலாகிப் போயிருந்தார். ஆறாவது தடவை திரும்பி வருகையில் பஸ்ஸில் தூங்கிப்போய், தன் ஊரைத் தாண்டி நிந்தவூரில்தான் விழித்தாள்.

ஒன்பதாவது தடவை, புதிதாக வந்த எழுதுவினைஞர் பழைய படிவத்தைக் காட்டினார். "நீங்கதானே ராத்தா கைநாட்டு வெச்சிரிக்கீங்க?"

"விரல் என்டதான், தம்பி. பிடிச்சி வெச்சது உங்கட ஆள்."

அவர் பழைய படிவத்தை ஓரமாக வைத்தார். "சரி, புதுப் படிவம் தாறம். அதுலயும் கைநாட்டெண்டா நாளைக்கு இதே கதைதான் வரும்."

அன்று பின்னேரம், றாஹிலா தறியில் நெய்யும் சாரத் துணிக்கு மாதிரி வரையும் கட்டத்தாளில் நிஹ்லா அவள் பெயரை எழுதிக் கொடுத்தாள். தறியை நிறுத்தும் நேரமெல்லாம் றாஹிலா அதைப் பார்த்து எழுதினாள். 'றா' மூன்றாம் நாளே நேராக நின்றது. 'ஹி' பன்னிரண்டு நாளாகியும் கட்டத்துக்குள் அடங்கவில்லை.

பதினோராவது தடவை, நிஹ்லா புதுப் படிவத்தைக் கந்தோரிலேயே இரண்டு முறை உரக்க வாசித்தாள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எழுதுவினைஞர் மறதியாக மைப்பெட்டியை நீட்டினார். றாஹிலா அதன் மூடியைச் சாத்திவிட்டுப் பேனையைக் கேட்டு வாங்கினாள்.

அவள் தன் பெயரை முதன்முதலாக ஒப்பமிட்டது 2025 ஜூன் 18, புதன்கிழமை.