என் செவலைப்பசுவும் மனசைப் படித்தவர்களும்

திருவாதவூரில் மாடு வளர்த்தே பிள்ளைகளை ஆளாக்கியவள் நான். போன வருடம் செவலைப்பசு முட்டித் தள்ளியதிலிருந்து அதன் பக்கம் போனாலே உடம்பு நடுங்கியது. மந்திரித்தும் தீரவில்லை. மாட்டை விற்றுவிடலாம் என்றான் மகன்.

மருமகள் கே.கே. நகரில் ஒரு மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போனாள்.

"பயத்தையும் மனசு பழகிக்கிரும்மா. பழகுனத மாத்தலாம். சோதிச்சுப் பாத்திருக்காங்க," என்றார் ஆலோசகரான அந்தப் பெண்.

"மனச எப்படித் தாயி சோதிப்பாக? பல்லைப் பிடிச்சுப் பாக்க அதென்ன மாடா?"

சிரித்தார். "மனசப் படிச்சவங்க அதைக் கனவுல தேடுனாங்க, செய்கையில தேடுனாங்க, இப்ப மூளையிலயும் தேடுறாங்க. நீங்க நாளைக்குத் தூர நின்னு மாட்டப் பாருங்க, போதும்."

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கினேன். ஒரு காலையில் நானே பால் கறந்தேன், கை நடுங்கவில்லை. மகன் விற்கும் பேச்சையே விட்டுவிட்டான்.

என் மனசுக்குள் நடப்பதை, என்னைப் பார்க்காத யாரோ எப்போதோ கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் ஒரு சொம்புப் பால் கொடுக்கத் தோன்றுகிறது.