அம்மாக்கண்ணுவின் நான்கு நிமிடம்

நம்புகிறவர்கள் நம்புங்கள். 1979-இல், ரிங்லெட் ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் உண்மையாகவே நடந்தது. அம்மாக்கண்ணு கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்து சொன்னது.

ஜூலை மாதம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடையை இறக்கியவள் அப்படியே சாய்ந்தாள். நெஞ்சுத் துடிப்பு நின்றுவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் கிளாரன்ஸ் மண்டியிட்டு அவள் மார்பை அமுக்கிக்கொண்டே இருந்தார். நான்கு நிமிடம். பிறகுதான் இருமினாள். கண்ணைத் திறந்தாள்.

"ஆத்தா காப்பாத்திட்டா" என்றது தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயன் முழுவதும்.

அம்மாக்கண்ணுவுக்குத்தான் உள்ளுக்குள் எல்லாம் இடிந்துபோயிருந்தது. செத்துக் கிடந்த அந்த நேரத்தில் அவள் ஆத்தாளைக் காணவில்லை. மூன்று வருடம் முன்பு செத்துப்போன புருஷன் இருளப்பனையும் காணவில்லை. வெறும் இருட்டு. அப்படியென்றால் அவர் எங்கே? இத்தனை நாள் விளக்கேற்றி யாரைக் கும்பிட்டாள்? சோறு இறங்கவில்லை. கோயிலில் நின்றால் கை கூப்பியது, மனசு கூப்பவில்லை.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலை மேலிருந்த முனியாண்டி கல்லுக்குத் தனியாக ஏறினாள். இன்றைக்குப் பதில் இல்லையென்றால் இனிமேல் கும்பிடுவதே இல்லை என்ற வெறி. கைக்கடிகாரத்தில் மணி நாலு பத்து.

"எதுக்கு என்னத் திருப்பி அனுப்புன? வாயத் தொறந்து சொல்லேன்!" கல்லில் நெற்றியை முட்டி முட்டி அழுதாள்.

பனி இறங்கியது. தேயிலைச் செடிகள் மறைந்தன. பூச்சிகளின் சத்தம் சட்டென்று அடங்கியது.

சரக்… சரக்…

பக்கத்தில் யாரோ மண் வெட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையில் யார் வேலைக்கு வருவார்கள்?

சத்தம் நின்றது.

தேயிலை நிரைக்கு நடுவே ஓர் ஆள். உடம்பெல்லாம் சேறு. குளிரில் அவள் வாயிலிருந்து புகை வந்தது. அவன் வாயிலிருந்து வரவில்லை.

"தங்கச்சி… சொல்லிட்டியா?"

"யாருண்ணே நீங்க? என்ன சொல்லணும்?"

"மறந்துட்டியா? அங்க பேசுனோமே…"

"எங்கண்ணே?"

"நீ செத்திருந்தப்ப."

ஓட நினைத்தாள். கல்லைக் கட்டிக்கொண்டாள்.

"சீதாகிட்ட சொல்லு… நான் எவகூடயும் ஓடல. இங்கதான் இருக்கேன்."

காலடியைக் காட்டினான்.

பனி மூடியது…

விலகியது.

யாரும் இல்லை. மணி நாலு பதினொன்று.

சீதா அதே லயனில் கடைசி வீட்டுக்காரி. கால்வாய் வெட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் சின்னக்கருப்பன் எட்டு வருடம் முன்பு காணாமல் போனான். எவளையோ கூட்டிக்கொண்டு ஓடிவிட்டான் என்று தோட்டமே பேசியது. அம்மாக்கண்ணு அந்தத் தோட்டத்துக்கு வந்ததே அதற்குப் பிறகுதான். அவனை அவள் பார்த்ததில்லை.

அவன் காட்டிய இடத்தை அம்மாக்கண்ணு சொல்ல, ஆட்கள் தோண்டினார்கள். ஆறடி ஆழத்தில், மண் சரிந்து மூடிய பழைய கால்வாய். உள்ளே எலும்புகள். பக்கத்தில் மண்வெட்டி.

"எம்புருசன் ஓடலடீ!" சீதா வீடு வீடாகக் கதவைத் தட்டிச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அம்மாக்கண்ணு விளக்கேற்றினாள். கை மட்டுமல்ல, மனசும் கூப்பியது. அங்கே இருட்டு மட்டும் இல்லை. ஆட்கள் இருக்கிறார்கள். இந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் ஆத்தா தன்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். சொல்லியாயிற்று. அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் டிரசர் கிளாரன்ஸ் அவள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அக்கா, அன்னைக்கு நாடி இல்ல, மூச்சு இல்ல. ஆனா நீங்க பேசுனீங்க. சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. அதான் சொல்லல."

"என்னங்கய்யா பேசுனேன்?"

"'சரிண்ணே, சொல்லிடுறேன்'னு."

"அதான் சொல்லிட்டேனே."

கிளாரன்ஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அது மொத ஆளுக்கு, அக்கா. அப்புறம் 'சரிக்கா, சொல்லிடுறேன்'ன்னீங்க. அப்புறம் 'சரி பாப்பா, சொல்லிடுறேன்'ன்னீங்க… அமுக்கிக்கிட்டே எண்ணுனேன்."

"எத்தன பேருங்கய்யா?"

"பதினொரு பேரு."