பாதி அழிந்த சாக்பீஸ் வட்டம்

1996-ஆம் வருடம், ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. தி.நகரில் உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், தகரக் கூரை போட்ட ஒரு டயர் கடையில் நடந்தது இது. தேனாம்பேட்டையில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது.

என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அன்று நான் நடந்துகொண்ட விதம் புரியாது. என் அப்பா சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீன்பாடி வண்டி ஓட்டி மூட்டை இறக்குகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். பி.காம்., அதோடு இரண்டு மொழியிலும் டைப்ரைட்டிங் ஹையர். எங்கள் தெருவில் யாருக்கு மணியார்டர் ஃபாரம் நிரப்ப வேண்டுமானாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். அதில் எனக்குப் பெருமை. இன்றும் பெருமைதான். அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து, வீட்டில் பேசும் 'இன்னா', 'கீது' எல்லாவற்றையும் சைதாப்பேட்டை பஸ் ஸ்டாண்டிலேயே இறக்கி வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

எங்கள் எம்.டி. சிங்கப்பூரிலிருந்து தன் புதுக் காருக்கு நான்கு அலாய் வீல் கொண்டுவந்து மாட்டியிருந்தார். அப்போது ஊரில் நூறு கார் பார்த்தால் ஒன்றில் அது இருந்தால் அதிகம். வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னும். காரை நிறுத்தினால் சுற்றி நான்கு பேர் நின்று பார்ப்பார்கள். அந்த வாரம் முன்பக்க இடது டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு புடைப்பு வந்துவிட்டது. ஓடும்போது வெடித்துவிடும், மாற்றியே ஆக வேண்டும் என்று டிரைவர் சொன்னார். அன்று மூன்று மணிக்கு விமான நிலையத்தில் வெளிநாட்டு விருந்தாளி ஒருவரை அழைக்க அந்தக் காரில்தான் எம்.டி. போக வேண்டும்.

அவர் என்னைக் கூப்பிட்டார். "டிரைவரை மட்டும் அனுப்பினா டீ குடிச்சுட்டு உக்காந்திருப்பான். நீ கூடப் போ. படிச்ச பொண்ணு, நாலு விஷயம் தெரியும். வீல்ல ஒரு கீறல் விழக்கூடாது. விழுந்தா நீதான் பதில் சொல்லணும்."

வீல்களோடு வந்த ஆங்கிலக் குறிப்பை நானே ஒரு தாளில் டைப் அடித்து எடுத்துக்கொண்டேன். இரும்பு லீவர் கூடாது, சுத்தியல் கூடாது, மெஷினில் மட்டுமே கழற்ற வேண்டும், நட்டைக் கையால் முடுக்க வேண்டும் என்று ஒன்பது வரிகள். 'படிச்ச பொண்ணு' என்ற அந்த இரண்டு சொல் காரில் உட்கார்ந்திருந்த என்னை இரண்டு அங்குலம் உயர்த்தியிருந்தது.

கடையில் எங்கள் வண்டிக்கு வந்தவர் நீலச் சட்டை போட்ட ஒரு ஆள். நாற்பது வயதிருக்கும். விரல் நகமெல்லாம் கறுப்பு. காரைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுவந்து இடது வீலில் அப்பியிருந்த சேற்றைக் கழுவினார். பழைய துணியால் ஈரம் போகத் துடைத்தார். பிறகு காதில் சொருகியிருந்த சாக்பீஸை எடுத்து, வீலில் மூன்று இடத்தில் வட்டம் போட்டார்.

"மேடம், கொஞ்சம் இப்டி வா. இன்னா இன்னா கீதுன்னு பாத்துக்கோ. அப்பால நீதான் பண்ணேன்னு சொல்லக் கூடாது."

கடை வாசலெல்லாம் சேறு. நான் குடையோடு ஓரமாக நின்றிருந்தேன். அவர் 'வா', 'பாத்துக்கோ' என்று ஒருமையில் கூப்பிட்டது எனக்குச் சுருக்கென்றது. அது என் தெருவில் எல்லோரும் பேசுகிற பேச்சுதான். ஒருவேளை அதனாலேயே அதிகம் சுருக்கென்றிருக்கலாம். கிட்டே போனேன். அவர் காட்டியதை நான் பார்க்கவில்லை. சாக்பீஸ் கோடுகளைத்தான் பார்த்தேன்.

"என்ன இது, வீலைச் சிலேட்டு ஆக்கிட்டீங்க? சிங்கப்பூர்லேர்ந்து வந்தது, தெரியுமா?"

"தெரியும் மேடம். அதான் சாக்பீஸ்ல போட்டேன். ஆணியால போடல."

பக்கத்தில் பஞ்சருக்குக் காத்திருந்த ஆட்டோ டிரைவர் சிரித்துவிட்டார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த வேகத்தில் என் தாளைப் பிரித்து ஒன்பது வரியையும் ஆங்கிலத்தில் படித்து, பிறகு தமிழிலும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"மெஷின்ல போடலாம் மேடம். ஆனா அத்தோட பல்லு ரிம்மைக் கடிச்சிடும். பழைய டியூபை வெட்டி பல்லுக்கு மாட்டிட்டுத்தான் போடணும். உன் பேப்பர்ல அது எழுதிகீதா?"

எழுதியிருக்கவில்லை. நான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அவர் ஜாக்கி எடுக்க உள்ளே போனார். டிரைவர் டீக்கடைப் பக்கம் போயிருந்தார். நான் மட்டும் வீலுக்கு எதிரே நின்றேன். அந்த மூன்று வெள்ளை வட்டமும் என்னைக் கேலி செய்வது போலிருந்தது. எம்.டி. கண்ணில் பட்டால் என்ன சொல்வார்? என் கர்ச்சீப்பைப் பக்கெட்டில் நனைத்து, வீலில் இருந்த சாக்பீஸை அழுத்தித் துடைத்தேன். ஈரத்தில் வீல் பளபளவென்று இருந்தது. கர்ச்சீப்பைப் பிழிந்து இடுப்பில் சொருகிக்கொண்டேன். செய்தது அவ்வளவுதான். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

அதற்குப் பிறகு அவர் செய்த வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வீலைக் கழற்றித் தரையில் போடாமல் மடித்த சாக்கின் மேல் படுக்க வைத்தார். மெஷின் பல் ஒவ்வொன்றுக்கும் டியூப் ரப்பர் மாட்டினார். சோப்புத் தண்ணீரை டயர் ரிம்மோடு சேரும் இடுக்கில் மட்டும் தடவினார். பழைய டயர் வெளியே வந்தது. அதைச் சுவரோரமாக வீசினார். புது டயரை ஏற்றிக் காற்றடித்து, பேலன்ஸ் பார்த்து, எடை சரிசெய்யும் ஈயத் துண்டை வெளியே தெரியாதபடி உட்புறமாக ஒட்டினார். வீலைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

அப்போது மழை நின்று லேசாக வெயில் வந்தது. வீல் நன்றாகக் காய்ந்திருந்தது. கடமை தவறாத பெண்ணாக நான் தாளை எடுத்துக்கொண்டு சரிபார்க்கக் குனிந்தேன்.

விளிம்பில் கட்டைவிரல் நீளத்துக்குச் சொரசொரவென்று வெளிறிய ஒரு கீறல்.

'விழுந்தா நீதான் பதில் சொல்லணும்.' ஐந்து மாத வேலை. வீட்டில் முதல்முறையாக மாதச் சம்பளம் வாங்குகிற ஆள்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க!" என்று நான் கத்தியதில் தெருவே திரும்பியது.

நீலச் சட்டைக்காரர் ஈரக் கையோடு ஓடி வந்தார். "அது முன்னாடியே இருந்துச்சு மேடம். நான்தான் காட்டினேனே."

"நீங்க ஒண்ணும் காட்டல. சாக்பீஸால கிறுக்கினீங்க, அவ்வளவுதான்."

கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். தெற்கத்திக்காரர், கனத்த குரல். குனிந்து கீறலைத் தடவிப் பார்த்தார். "ஏலே, என்னல இது? போன மாசம்தான் ஒரு டாக்டர் வண்டிக்குப் பதில் சொல்லி முடிச்சேன்."

"மொதலாளி, சத்தியமா நான் இல்ல. சாக்பீஸ் போட்டு வச்சேன். இங்கதான் போட்டேன்."

"எங்கல? காட்டு பாப்போம்."

அவர் வீலைத் திருப்பினார். இன்னொரு தடவை திருப்பினார். வெள்ளைப் புள்ளி ஒன்றுகூட இல்லை. "போட்டேன் மொதலாளி" என்று மறுபடியும் சொன்னார். முதல் தடவை இருந்த உறுதி அந்தக் குரலில் இல்லை. தனக்கே சந்தேகம் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

கடைக்காரர் எங்கள் டிரைவரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கண்ணே. வண்டி வரும்போது இருந்துச்சா?"

டிரைவர் டீ கிளாஸோடு நின்றிருந்தார். கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வரும்போது நல்லாத்தான் இருந்துச்சு."

"வுடாதீங்க மேடம், புது வீலே வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க" என்றார் ஆட்டோ டிரைவர்.

"சட்டையக் கழத்தி வச்சிட்டுக் கிளம்புல" என்றார் கடைக்காரர். "இனிமே இந்தப் பக்கம் வராத."

நீலச் சட்டையில் கடையின் பெயர் போட்டிருந்தது. அவர் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார். "நான் இல்ல மொதலாளி" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். நான் எட்டாவது படிக்கும்போது, மார்க்கெட்டில் ஒரு மூட்டை குறைந்தது என்று என் அப்பாவை நிற்க வைத்துக் கேட்டார்கள். அன்று அப்பா சொன்னதும் இதே குரலில்தான்.

எனக்கு வியர்த்துக் கொட்டியது. முகத்தைத் துடைக்க இடுப்பிலிருந்து கர்ச்சீப்பை உருவினேன். கருநீலக் கர்ச்சீப். பாதி காய்ந்திருந்தது. அதன் நடுவில் மாவு பூசிய மாதிரி வெள்ளையாக ஒரு திட்டு.

யாரும் பார்க்கவில்லை. கையை மூடிக்கொண்டால் போதும். கீறலுக்குக் கடை பொறுப்பு; எம்.டி.யிடம் தலைநிமிர்ந்து சொல்லலாம். வாயைத் திறந்தால், படித்த பெண்ணே அடையாளத்தை அழித்துவிட்டாள் என்றாகும். வேலையும் போகலாம். உண்மையைச் சொல்கிறேன், நான் கையை மூடினேன். அவர் மூன்றாவது பொத்தானைக் கழற்றும் வரை மூடியே வைத்திருந்தேன்.

அந்த நேரத்தில் என் கண் சுவரோரம் கிடந்த பழைய டயரில் போய் நின்றது. அதில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. போய் அதை நிமிர்த்தினேன். கையெல்லாம் கரி, புடவையிலும் கரி. கறுப்பு ரப்பரின் ஓரத்தில் ஒரு வளைந்த கோடு. ரிம் விளிம்பில் இருந்த கீறலைச் சுற்றி அவர் போட்ட வட்டம் பாதி வீலிலும் பாதி டயரிலுமாக விழுந்திருந்தது. வீலில் இருந்த பாதியை நான் துடைத்துவிட்டேன். டயரைத் துடைக்க எனக்குத் தோன்றவில்லை. அது கறுப்பு, கழிக்கப்போகிற டயர். அந்தப் பாதி வட்டத்துக்குள் ரப்பர் உரசித் தேய்ந்திருந்தது. அதை ஒட்டியே புடைப்பு. எதிலோ மோதிய காயம்; டயருக்கும் ரிம்முக்கும் ஒரே நேரத்தில் பட்டது.

டயரை உருட்டிக்கொண்டு வந்து வீலுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

"அவுரு போட்டாரு. நான்தான் தொடச்சிட்டேன். அவுரு மேல ஒரு தப்பும் இல்ல." பஸ் ஸ்டாண்டில் இறக்கி வைத்த பேச்சுதான் வாயில் வந்தது. கர்ச்சீப்பை விரித்துக் காட்டினேன்.

கடைக்காரர் டயரைப் பார்த்தார், கர்ச்சீப்பைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "நல்லாப் படிச்சீங்கம்மா" என்றார். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, "சட்டையப் போடுல, வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போய்விட்டார். ஆட்டோ டிரைவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டேன். நீலச் சட்டைக்காரர் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். காதிலிருந்து சாக்பீஸை எடுத்தார். வீலின் முன் குந்தி உட்கார்ந்து, அதே மூன்று இடத்தில், அதே மாதிரி வட்டம் போட்டார்.

"வா மேடம். இப்பவாச்சும் பாத்துக்கோ."

நானும் சேற்றில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். விளிம்பில் அந்தக் கீறல். நட் துளைக்குப் பக்கத்தில் நகக்குறி போல ஒன்று. மூன்றாவது, தேடினால்தான் தெரியும்.

"பாத்துட்டேன்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவர் வீலைத் தூக்கி மாட்டினார்.

திரும்பும்போது டிரைவர் பனகல் பார்க் தாண்டியதும் சொன்னார்: "போன வாரம் லஸ் கார்னர்ல ஒரு பஸ் நெருக்கிட்டான்மா. பிளாட்பாரத்துல உரசிட்டேன். சொன்னா வேலை போயிடுமேன்னுதான்..."

"அந்த ஆளுக்கும் வேலை போயிருக்கும்ணே. உரசினதை நீங்களே சொல்லுங்க. அழிச்சதை நான் சொல்றேன்."

இரண்டு பேரும் போய்ச் சொன்னோம். எம்.டி. கத்தவில்லை. "டைப் அடிக்கத் தெரிஞ்சா மட்டும் போதாதும்மா" என்றார். டிரைவரை ஆபீஸ் வேனுக்கு மாற்றினார். என்னை அதன் பிறகு வெகுநாள் வரை எந்த முக்கியமான வேலைக்கும் வெளியே அனுப்பவில்லை. மூன்று மணிக்கு அந்தக் கீறல் வீலோடுதான் கார் விமான நிலையம் போனது. வந்த விருந்தாளி வீல் பக்கமே திரும்பவில்லையாம்.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. அந்தக் கருநீலக் கர்ச்சீப் எத்தனையோ தடவை துவைத்து வெளுத்துவிட்டது. ஆனால் அந்த மூன்று பொத்தான் நேரம் மூடியிருந்த என் கை எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் இப்போதெல்லாம் யார் எப்படிக் கூப்பிட்டு எதைக் காட்டினாலும், கையில் இருக்கிற தாளை ஓரமாக வைத்துவிட்டு முதலில் குனிந்து பார்க்கிறேன்.