புள்ளி அண்ணன் விழுங்கிய மாடி

புள்ளி அண்ணன் கைக்குட்டையால் கணினித் திரையைத் துடைக்கிறார், விரல்களில் சொடக்கு எடுக்கிறார், பொத்தானைத் தட்டிவிட்டு நாற்காலியில் சாய்கிறார். "ஒட்டிக்கும் பாருங்க!" எதிர் மேசையிலிருந்து நானும் பார்க்கிறேன். பார்க்காவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

கட்டடங்களை ஒளிக்கருவியால் அளந்து, கணினியில் அப்படியே எழுப்பித் தருவது எங்கள் தொழில். ஒளி பட்டுத் திரும்பும் இடமெல்லாம் ஒரு புள்ளி. ஓர் அறைக்கே பல லட்சம். தனித்தனியாக எடுத்த அளவுகளை ஒன்றோடொன்று பொருத்துவது புள்ளி அண்ணனின் வேலை. ஓர் அளவிலுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் அடுத்த அளவில் மிக அருகே இருப்பது எது என்று கணினி தேடும், கொஞ்சம் நகர்த்தும், மறுபடி தேடும். முன்பெல்லாம் ஒரு புள்ளிக்குத் துணை தேட மொத்தக் கட்டடத்தையும் சலிக்கும். அண்ணன் புள்ளிகளைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, பக்கத்துப் பெட்டிகளில் மட்டும் தேடவைத்தார். அரைநாள் வேலை தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. அன்றிலிருந்து அவர் நிஜமாகவே பெரிய புள்ளி.

"எந்த மாடி எங்க இருக்குன்னு தோராயமாவாவது கணினிக்கு முதல்ல சொல்லிடலாமே, அண்ணே?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"அதெல்லாம் எதுக்கு? பக்கத்துல இருக்கறத அதுவே பிடிச்சுக்கும்."

வீட்டிலும் இதே சித்தாந்தம்தான். ஒரு காலில் கறுப்பு உறை, மறுகாலில் பழுப்பு. கேட்டால், "பக்கத்துல கிடந்துச்சு."

போன மாதம் ஒரு மருத்துவமனை வேலை வந்தது. லிஃப்ட் கெட்டுப்போய், நோயாளிகளைப் படிவழியே தூக்கிக்கொண்டிருந்தார்கள். புது லிஃப்ட் போடக் கட்டடத்தின் உயரம் வேண்டும். மூன்றாவது மாடியும் நாலாவது மாடியும் அச்சு அசல் ஒரே மாதிரி. கணினி பக்கத்தில் இருந்ததைப் பிடித்துக்கொண்டது. நாலாவது மாடி மூன்றாவதன் மேல் சமர்த்தாகப் படுத்துவிட்டது. இவ்வளவு கச்சிதமாக எதுவும் பொருந்தியதில்லை என்று அண்ணன் முதலாளியிடம் மார்தட்டிவிட்டு வந்தார். படம் மருத்துவமனைக்குப் போயிற்று.

தலைமைச் செவிலியர் தொலைபேசியில் அண்ணனை அழைத்தார். "சார், உங்க படத்துல எங்க நாலாவது மாடியக் காணோம். முப்பது பேர் படுத்திருக்காங்க. அவங்கள எங்க வச்சிருக்கீங்க?"

"மேடம், ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல பிழையே இல்ல. திரையில காட்டுதே!"

"அப்படியா? அந்த ரெண்டு மில்லிமீட்டர்லதான் நின்னு பேசிட்டிருக்கேன்."

முதலாளி எங்களைக் கூப்பிட்டார். "ரெண்டு பேரும் நேர்ல போய், மாடிய விரல் விட்டு எண்ணிட்டு வாங்க."

போனோம். செவிலியர் முன்னே ஏற, அண்ணன் வழிநெடுகக் கொத்தனாரைத் திட்டினார். "ரெண்டு மாடியையும் ஒரே மாதிரி கட்டி வச்சா யாருக்குத்தான் தெரியும்?" ஒரு திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றார். "இதானே மேடம் நாலாவது?"

செவிலியர் சுவரைக் காட்டினார். ஆளுயரத்துக்கு '3' என்று எழுதியிருந்தது.

அப்போது மேலிருந்து ஒரு ஸ்ட்ரெச்சர் இறங்கியது. நாலு பேர் தூக்க, அதிலிருந்த அம்மாள் இரண்டு பக்கக் கம்பியையும் இறுகப் பிடித்திருந்தார். "மெதுவாப்பா... சாமி, மெதுவா..."

அண்ணன் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார். பிறகு, கழுத்தில் தொங்கிய, எங்கள் நிறுவனப் பெயர் போட்ட அட்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.