நோட்டாக வந்தால் என் காசு

நனைந்த ஐம்பது ரூபாய் நோட்டை அமுதவள்ளி சாம்பார்ப் பானையின் மூடிமேல் விரித்து, மடிப்பை விரலால் நீவிவிடுகிறாள். ஃபோர்ட் கொச்சி மீன்காரர்கள் தரும் நோட்டு எப்போதும் ஈரம்தான், வாடைதான். அவளுக்கு அதில் அருவருப்பே கிடையாது. காய்ந்ததும் இடுப்புச் சுருக்குப்பையில் செருகிக்கொண்டு அடுத்த தோசையை ஊற்றுகிறாள்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், ஒரு மிளகுக் கிடங்கின் சுவரையொட்டி நிற்கிறது அவளுடைய தோசை வண்டி. சொந்த ஊர் தமிழ்நாட்டுக் கம்பம். வியாபாரம் மலையாளத்தில், கோபம் மட்டும் தமிழில். வண்டியில் ஃபோனில் பணம் கட்டுவதற்கான ஸ்கேன் அட்டையும் உண்டு. அதை வைத்து அவள் சட்னியில் மொய்க்கும் ஈயை விரட்டித்தான், தினமும் அங்கே சாப்பிடும் நான் பார்த்திருக்கிறேன்.

"ஃபோன்ல விழுந்தா அது அவரு காசு சார். நோட்டா கையில வந்தாத்தான் என் காசு."

அவர் என்பது கணவன் பாண்டித்துரை. ஸ்கேன் செய்த பணம் அவன் கணக்குக்குப் போகும், அங்கிருந்து லாட்டரிக் கடைக்குப் போகும்.

"நீங்களே ஒரு ஃபோன் வாங்கிக்கலாமே?" என்று பெரிய புத்திசாலியாகக் கேட்டேன்.

"வாங்கினேனே! அதையும் வித்து டிக்கெட் எடுத்துட்டாரு." அவள் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மாவரைக்கும் கூலியிலேயே பாதி லாபம் கரைகிறது. அதனால் கொச்சி பிராட்வேயில் ஒரு கடையில் பெரிய கிரைண்டருக்கு முன்பணம் கொடுத்திருக்கிறாள். மிச்சத்தை இந்த மாதத்துக்குள் கட்டாவிட்டால் முன்பணமும் போச்சு.

நேற்றுக் காலை நல்ல கூட்டம். திருப்பூணித்துறையிலிருந்து வந்த நாலு பேர் வயிறு நிறையத் தின்றுவிட்டு, நோட்டு இல்லையென்று கையை விரித்தார்கள். பாண்டித்துரைக்கு எப்படித்தான் மூக்கில் வேர்த்ததோ, ஃபோனை நீட்டியபடி வந்து நின்றான்.

"சேட்டா, இதுல போடுங்க."

"வேண்டா சேட்டா. இனி வரும்போ கையில தந்தா மதி, அது போதும்," என்றாள் அமுதவள்ளி.

"வராமப் போயிட்டா? பைத்தியமாடி உனக்கு?"

"வராட்டி நாலு பேரு வயித்துக்குப் போச்சுன்னு இருக்கட்டும். லாட்டரிக்குப் போக விடமாட்டேன்."

வந்தவர்கள் தலையாட்டிவிட்டு நழுவினார்கள். பாண்டித்துரை நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. அமுதவள்ளி அந்த ஃபோனை எடுத்து அவன் சட்டைப்பையில் போட்டாள். வெறுமையான கையில் எச்சில் தட்டுகளை அடுக்கி வைத்துவிட்டு, குழாயடிப் பக்கமாக முகவாயை நீட்டிக் காட்டினாள்.